தொட்டி வைத்த வீடு

2025 ஏப்ரல் 7, திங்கள்

காலையில் எழுந்ததும் எழாததுமாக அத்தை ஆரம்பித்துவிட்டாள். வாசலில் நின்று பால்காரரிடம், "ஊரே பாசியைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுது, எம் மருமக மெனக்கெட்டு வளக்கா" என்கிறாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னது. கேட்டது. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வளர்க்கிறேன். இப்போது என்ன?

பின் அறையில் ஆறு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். மீன் என்று சொல்ல மகள் மாரீஸ்வரி ஆசைப்பட்டு வாங்கிய கப்பி நாலைந்துதான். மற்றதெல்லாம் பாசி. விருதுநகரில் கலர் மீன் கடை வைத்திருக்கும் ஜெப்ரின் தம்பி, "அக்கா, இதுக்குப் பேரு ஜாவா பாசி. வேர் கிடையாது, மண்ணு வேண்டாம். கல்லுல கட்டி விடுங்க, அதுபாட்டுக்கு வரும்" என்று ஒரு கைப்பிடி கொடுத்தான். அது பெருகி இத்தனை ஆகிவிட்டது. கல்லில் கட்டிக் கொடுத்தால் அவனே காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறான்.

அத்தைக்குப் பாசி மேல் கோபம் இல்லை. அறை மேல்தான். முன்பு அது வெடி பின்னும் அறை. ஏஜெண்டு மூட்டையில் ஒற்றை வெடியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். அத்தை, நான், பக்கத்து வீட்டு அழகுமீனா எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்து திரியை நூலோடு சேர்த்துப் பின்னிச் சரமாக்கித் தருவோம். வீட்டில் வைத்துச் செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. இந்தத் தெருவுக்குள் அது வந்ததில்லை.

போன வருஷம் தைப் பொங்கல் முடிந்த வாரம், பின் தெருவில் வெடி வெடித்துச் செல்வக்குமார் வீட்டுக் கூரை போனது. அவன் அம்மாவும் தங்கச்சியும் உள்ளே பின்னிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சொன்னேன், இனி இந்த வாசப்படியைத் தாண்டி ஒரு வெடி வராது என்று. என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அத்தைகூட ஒன்றும் சொல்லவில்லை. பயம் இருக்கிறவரைக்கும் எல்லாரும் நல்லவர்கள்தான்.

ஏப்ரல் 22

நுனியெல்லாம் பழுப்பு. வெயில். கை வைத்துப் பார்த்தால் தொட்டித் தண்ணீர் குளிக்கிற சூட்டில் இருக்கிறது.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். ஜெப்ரினுக்குப் போன் போட்டேன். தண்ணீருக்கு மேலே காற்றாடியைத் திருப்பி வைக்கச் சொன்னான், நம் ஊர்க் காற்று காய்ந்த காற்று, தண்ணீரை உறிஞ்சிக் குளிர வைத்துவிடுமாம். சன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். தொட்டியைச் சுற்றியும் ஈரச் சாக்கு. காயக் காய நனைக்க வேண்டும்.

அடிகுழாயில் பேச்சு: குடிக்கத் தண்ணியில்லாத ஊரில் பாசிக்கு நீராட்டு நடக்கிறது. தொட்டியில் மாற்றுகிற தண்ணீரில்தான் என் வீட்டுப் பாத்திரம் கழுவுகிறேன், வந்து பாருங்கள் என்றேன். யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் கூப்பிட்டேன்.

மே 11

பிழைத்துவிட்டது!! பழுப்புக்கு நடுவில் ஊசி முனை மாதிரி பச்சை. மாரீஸ்வரியை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா எழுப்புன?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். பதினொன்றாம் வகுப்புப் போகப் போகிறாள், அவளுக்கு எதுவும் அதிசயமில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஜெப்ரின் பெரிய ஆர்டர் கொண்டுவந்திருக்கிறான். மதுரையில் ஒரு பல் டாக்டர், நோயாளிகள் உட்காருகிற இடத்தில் ஆளுயரத் தொட்டி வைக்கிறாராம். அதன் பின்பக்கம் முழுக்கப் பாசிச் சுவர் வேண்டும். கம்பி வலையில் பாசியை மெல்லிசாகப் பரப்பி, மேலே இன்னொரு வலை வைத்துக் கட்டி, வளர விட வேண்டும். வலை தெரியாத அளவுக்கு மூட வேண்டும். செப்டம்பரில் எடுத்துக்கொள்வான்.

மொத்தமாக அப்பினால் அடியில் இருக்கிறது அழுகிவிடும். நூலை இறுக்கினால் அறுந்துவிடும். திரியைப் பிடித்துப் பழகிய விரல் அல்லவா, நசுக்காமல் பிடிக்கத் தெரிகிறது. அழகுமீனா வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானும் ஒரு வலையைக் கட்டித் தந்தாள். என்னைவிட வேகம். "யக்கா, இது பின்னுனா கை கருக்கலையே" என்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அலுமினியப் பொடி அவள் ரேகைக்குள் போய்ச் செட்டாகிவிட்டது, சோப்புக்குப் போகாது.

நீயும் வாயேன் என்றேன். வீட்டுக்காரர் விடமாட்டார் என்று எழுந்து போய்விட்டாள். அவள் வீடு முழுக்கவே ஒரே அறைதான். அடுப்பு, இரண்டு பிள்ளைகள், மூட்டை, எல்லாம் அதற்குள்.

ஜூலை 3

நூல்பாசி வந்திருக்கிறது. தலைமுடி மாதிரி நீள நீளமாக, நல்ல பாசியைச் சுற்றி நெரிக்கிறது. வெளிச்சம் கூடிவிட்டதாம். பழைய பல் துலக்குகிற பிரஷ்ஷை விட்டுச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. சன்னலுக்கு இன்னொரு சாக்கு.

ஜூலை 19, சனி

பாண்டிராஜ் அண்ணாச்சி வந்தார். ஏஜெண்டு. இந்தத் தெருவுக்கே அவர்தான் மூட்டை கொடுக்கிறவர். அதோடு ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து வெடிக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்களும் அவர் சொல்படிதான் ஓடும். இவர் ஓட்டுகிற வேனும் அதில் ஒன்று.

காபி குடித்துக்கொண்டே சொன்னார், சீசன் நெருங்குது, லோடு குவியுது, வைக்க இடம் இல்லை, உங்க பின் ரூம்பு சும்மாதானே கிடக்கு. சும்மா கிடக்கிறதாம்! நான் பதில் சொல்வதற்குள் இவர், "அதுக்கென்ன அண்ணாச்சி" என்று இழுத்தார்.

நான் நடுவில் போய் நின்றேன். "அண்ணாச்சி, பின்னவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். எம் பிள்ளை படுக்குற வீடு."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இவரைப் பார்த்துத்தான், "தனுஷ்கோடி, வேன் டிரிப்பு கேட்டு எத்தனை பேரு எம் பின்னால அலையுதான்னு ஒனக்குத் தெரியும்ல" என்றார். காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 20

இவர் பேசவில்லை. அத்தை பேசிக்கொண்டே இருக்கிறாள். இரண்டில் எது மோசம் என்று முடிவு செய்ய முடியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று சண்டை. பெரிய சண்டை.

டிரிப்பைக் குறைத்துவிட்டார்களாம். காலை டிரிப்பு மட்டும்தானாம். "ஒரு வாரம் வச்சுட்டு எடுத்துக்கிடுவாரு, ஒனக்கு என்ன கொள்ளை போகுது?" என்கிறார். வேனில் தினம் ஏற்றிப்போகிற பெண்களில் எத்தனை பேர் சாயங்காலம் திரும்பவில்லை என்று கேட்டேன். அவருக்குத் தெரியும். இரண்டு தடவை காலி சீட்டோடு வந்திருக்கிறார். அப்படி வந்த நாளில் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அந்த இடத்தில் குத்தினால்தான் வலிக்கும்.

அத்தை குறுக்கே வந்தாள். "நாப்பது வருசமா பின்னுதேன். எனக்கு என்ன ஆச்சு?"

ஒண்ணும் ஆகலை. ஆகுற வரைக்கும் யாருக்குத்தான் ஆச்சு? செல்வக்குமாரு அம்மாவும் இதையேதான் சொல்லுச்சு. நான் மாட்டேன். தலைகீழா நின்னாலும் மாட்டேன். வேன் ஓடலைன்னா ஓடலை. பிச்சை எடுத்தாவது—

சரி. போதும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளை ஆடிக் கடைசி வெள்ளி. நானும் மாரீஸ்வரியும் மஞ்சள் சேலை கட்டி இன்று சாயங்காலமே கிளம்பி இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடக்கிறோம். இவரும் சமாதானமாகிவிட்ட மாதிரிதான் தெரிகிறது. "போயிட்டு வாங்க, தொட்டிக்குச் சாக்கு நான் நனைச்சு விடுதேன்" என்றார். நன்றாக இருக்கட்டும் இந்த மனுஷன்.

ஆகஸ்ட் 16, சனி

நன்றாகத்தான் இருக்கிறார்.

மத்தியானம் வந்து சேர்ந்தோம். கால் கொப்புளத்தோடு நேரே பின் அறைக்குப் போனேன், பாசியைப் பார்க்க. தொட்டிகளுக்கு நடுவில் மூட்டை. சுவரோரம் மூட்டை. ஈரச் சாக்கு தொங்குகிற சன்னலுக்குக் கீழே, சொட்டுகிற இடத்தில் மூட்டை. வியாழக்கிழமை நாங்கள் தெரு முனை திரும்பியதும் இறக்கியிருக்கிறார்கள்.

அத்தைதான் இடம் காட்டினாளாம். "அங்கனதான் குளுகுளுன்னு இருக்கு, வெக்கை அண்டாது" என்றாளாம். வெக்கைக்குத்தான் இங்கே எல்லாருக்கும் பயம். பங்குனியிலிருந்து ஐப்பசி வரைக்கும் வெடிமருந்தை வெக்கையிலிருந்து காப்பாற்றுவதே பிழைப்பு. ஈரமான அறையை இந்த ஊரில் யார் கண்டார்கள்?

தண்ணீரின் மேலே வெள்ளிப் பூச்சு மிதந்தது. மூட்டையிலிருந்து பறந்த பொடி. கப்பி ஒன்று மல்லாந்து கிடந்தது.

நான் கத்தவில்லை. மாரீஸ்வரியை ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் போய் உட்காரச் சொன்னேன். அடுப்பை அணைத்தேன், மெயின் சுவிட்சை இறக்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கினேன். இழுக்கக்கூடாது, உரசக்கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். அது என் கைக்குத் தெரியும். வீட்டுக்கு எதிரே காலி மனையில், கட்டிப் பாதியில் நிற்கிற சுவரின் நிழலில், தெருவே பார்க்க வரிசையாக வைத்தேன். மூட்டையின் மேல் கம்பெனி பெயர் அச்சடித்திருந்தது. அந்தப் பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். பீடி குடிப்பவர்களை அந்தப் பக்கம் வராதே என்று விரட்டினேன். பிறகு கொஞ்சம் தள்ளி ஒரு குடம் தண்ணீரோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஒருவர் பாக்கியில்லாமல் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். இவர் ஓடிவந்து, உள்ளே எடுத்து வை, மானம் போகுது என்றார். உங்களுக்கு வேண்டுமென்றால் எடுத்து வையுங்கள், நானும் பிள்ளையும் சாத்தூர் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்றேன். இவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொடவில்லை. பக்கத்தில் உட்காரவும் இல்லை. வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாண்டிராஜ் அண்ணாச்சி பைக்கைப் போட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். போலீஸ் ஜீப்பு போற ரோடு தெரியுமா, ஒம் புருசனும் சேந்துதான் உள்ள போவான் என்றார்.

"போகட்டும். உங்க சரக்கு அண்ணாச்சி. நல்ல சரக்குன்னா தெருவுல இருந்தா என்ன? ஏன் வீட்டுக்குள்ள ஒளிக்கீக?"

அவர் போனை எடுத்தார். அரை மணியில் லோடு வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எனக்கு இப்போதுதான் கால் வலிக்கிறது.

ஆகஸ்ட் 17

தண்ணீர் முழுக்க மாற்றினேன். கப்பிகள் எல்லாம் போய்விட்டன. சுவருக்கான வலைகளில் பாதி கறுத்துவிட்டது. கறுத்ததைக் கத்தரித்து எறிந்தேன். மிச்சமிருந்த பச்சைத் துணுக்கைப் பொடிப்பொடியாக நறுக்கி மறுபடியும் வலையில் பரப்பினேன். ஜெப்ரினிடம் விஷயத்தைச் சொன்னேன். முடியாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் அக்கா என்றான். முடியும் என்றேன். முடியுமா? தெரியவில்லை. முடியும் என்று சொல்லியாகிவிட்டது.

ஆகஸ்ட் 18

வேன் டிரிப்பு மொத்தமும் போய்விட்டது.

ஆகஸ்ட் 30, சனி

இன்று தெருவே கூடிவிட்டது, என் வாசலில்.

இங்கிருந்து எடுத்துப்போன மூட்டைகளைப் பாண்டிராஜ் அண்ணாச்சி அன்றைக்கே வீடு வீடாகப் பின்னக் கொடுத்திருக்கிறார். பின்னி, கம்பெனிக்குப் போய், அங்கே ஒரு சரத்தைப் பற்றவைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாலு வெடித்துவிட்டுப் புஸ்ஸென்று அணைந்துவிட்டதாம். இன்னொன்று. அதுவும் புஸ். நமுத்துப்போன சரக்கு என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நமுத்தது எங்கே என்று ஊருக்கே தெரியும். என் பாசி அறையில்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் பின்னியவர்களுக்குக் கூலி இல்லை என்று சொல்லிவிட்டார். அழகுமீனா மட்டும் ஒரு வாரம் பின்னியிருக்கிறாள். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

நான் வைக்கச் சொல்லவில்லை, யார் வைத்தார்களோ அவர்களிடம் கேளுங்கள் என்றேன். அண்ணாச்சி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கோங்க. தொட்டி வச்சிருக்க வீட்டுக்கு இனி ஒத்தை வெடி குடுக்க மாட்டேன். இந்தச் சீசன் இல்ல, எந்தச் சீசனும் கெடையாது."

தண்டனையாம். கும்பிடு போடலாம் போலிருந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

அடிகுழாயில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். இவர்களுக்காகவா செய்தேன்? இல்லை. என் பிள்ளைக்காகச் செய்தேன். பிறகு ஏன் உறுத்துகிறது? அழகுமீனாவின் ஒரு வாரக் கூலி உறுத்துகிறது. ஆனாலும் திரும்ப அந்த மூட்டை வந்தால் திரும்பத் தூக்கி வெளியேதான் வைப்பேன். உறுத்தல் ஒரு பக்கம் இருக்கட்டும்.

செப்டம்பர் 14

இவருக்கு ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் டிரிப்பு கிடைத்திருக்கிறது. தூரம் அதிகம். விடியுமுன் கிளம்ப வேண்டும். என்னிடம் சொல்லவில்லை, அத்தையிடம் சொல்வது போல எனக்குச் சொன்னார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பாலிதீன் பை. உள்ளே கப்பி நாலு. மாரீஸ்வரிக்கு என்றார். அவள் வாங்கித் தொட்டியில் விட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஜெப்ரின் வந்தான். வலைகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காட்டினேன். மூலையில் ஒரு கையகலம் இன்னும் வலை தெரிகிறது. மற்ற இடமெல்லாம் மூடிவிட்டது. தடவிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். மதுரை போய்ச் சேர்வதற்குள் அதுவும் மூடிவிடும் என்று பொய் சொன்னான். நானும் நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அடுத்தது கிறிஸ்துமஸ் பாசி கட்டித் தரச் சொல்லியிருக்கிறான். இலையெல்லாம் அந்த மரம் மாதிரியே அடுக்கடுக்காக இருக்குமாம்.

ஈரத் துணியில் சுற்றி அனுப்பினேன். அறை வெறிச்சென்று இருக்கிறது. தொட்டிகளில் பாதி காலி.

செப்டம்பர் 27, சனி

தீபாவளிக்கு இன்னும் மாசம்கூட இல்லை. தெருவில் மூட்டை இறங்காத வீடு நம்முடையதுதான்.

மத்தியானம் பின்வாசலில் நிழலாடியது. அழகுமீனா. ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான் இந்தப் பக்கம் வருகிறாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நானும் எழுந்தேன்.

"யக்கா, ஒரு தொட்டி குடுக்கீகளா?"

பிள்ளைகள் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். கப்பி குட்டி போட்டிருக்கிறது, நாலு பிடித்துத் தருகிறேன் என்று வலையை எடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"மீனு வேண்டாம்க்கா. தண்ணி மட்டும் இருந்தாப் போதும். நாளைக்குப் பெரிய லோடு எறக்குதாகளாம், எங்க வீட்டுல. எம் பேச்சு எடுபடலை. அடுப்புப் பக்கத்துலதான் பிள்ளைக ரெண்டும் படுக்கு." தொட்டிகளைப் பார்த்தாள். "தொட்டி வச்ச வீட்டுக்குக் குடுக்க மாட்டேன்னு அந்த ஆளுதான சொன்னாரு?"

ஓரத்தில் இருந்த சின்னத் தொட்டியை எடுத்தேன். அத்தை அடுப்படியில்தான் இருந்தாள், எல்லாம் கேட்டிருக்கிறது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சின்னது பத்தாது. பெருசைக் குடு" என்றாள்.

பெரியதைத்தான் கொடுத்தேன். அழகுமீனா பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்றாள். அத்தை கேட்கவில்லை. மூன்று பேருமாகத் தெரு வழியாகவே தூக்கிக்கொண்டு போனோம்.